கண்ணாடிக் கதவும் காய்ந்த வயிறும்

தாராவியில் 90 அடிச் சாலையை விட்டு உள்ளே திரும்பும் முனையில் இருக்கும் ஓட்டல் ஐந்து மாதம் மூடிக் கிடந்து, புதுக்கோலம் பூண்டு திறந்திருக்கிறது. பெயரை நாம் எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. நம் வாசகர்களில் பாதிப் பேர் அங்கே கை நனைத்தவர்கள். திறப்பு விழாவன்று வாழைமரம் கட்டினார்கள், நாதசுரம் வைத்தார்கள், நம் சங்கத்துக்கும் அழைப்பு வந்தது. சங்கத்தின் சார்பில் மாலை ஒன்றும் போட்டோம். அந்த மாலை வாடுவதற்குள் இதை எழுத நேர்ந்ததில் நமக்கு மகிழ்ச்சி ஏதுமில்லை.

"ஓட்டலில் சோறு நன்றாக இல்லை என்பதெல்லாம் ஓர் அரசியல் ஏட்டில் எழுதும் செய்தியா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ரேஷன் கடையில் எடை குறைந்தால் எழுதுகிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எழுதுகிறோம். ஊரையும் உறவையும் விட்டு, ரயிலில் ஒன்றரை நாள் குந்தி வந்து இந்த நகரத்தில் இறங்கிய ஒருவனுக்கு முதல் கவளம் சோறு போட்ட இடம் அவனை வெளியே நிறுத்தினால் மட்டும் எழுதக் கூடாதா? வயிற்றைத் தவிர வேறு எதற்காக நாம் இங்கே வந்தோம்?

நடந்ததைச் சொல்கிறோம். சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு, செயற்குழு முடிந்து ஐந்து பேர் அங்கே சாப்பிடப் போனோம். நால்வர் சங்கத்துக்காரர்கள். ஐந்தாமவர், தோல் பதனிடும் ஷெட்டில் உப்பிலும் சுண்ணாம்பிலும் நின்றே வாலிபத்தைக் கழித்த பெரியவர். அந்த ஓட்டலில் அவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். "வாங்க பெரியப்பா, இன்னிக்கு எங்க கணக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனோம்.

கண்ணாடிக் கதவருகே தொப்பி போட்ட காவலாளி ஒருவர். பெரியவரின் வேட்டியையும் தோள் துண்டையும் பார்த்தார். "பார்சலா? பார்சல் என்றால் அந்தப் பக்கத்துச் சன்னல்" என்று இந்தியில் கை காட்டினார். நாங்கள் பின்னால் வந்து, "சாப்பிட வந்திருக்கிறோம்" என்று சொன்ன பிறகே கதவு திறந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவன் முகம் எது, சன்னலில் கை நீட்டி வாங்கிப் போகிறவன் முகம் எது என்று அந்தத் தம்பிக்கு யாரோ பாடம் நடத்தியிருக்கிறார்கள். பாடம் நடத்தியவரின் தந்தையும் வேட்டி கட்டியவர்தான் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம்.

உள்ளே குளிர். சுவரெங்கும் கோபுரப் படம், பூக்கூடையோடு ஒரு பெண் படம். நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விளக்குப் போட்டு ஒரு ஆட்டுக்கல்! அந்த ஆட்டுக்கல்லை நமக்குத் தெரியும். பின்கட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு ஆட்கள் மாறி மாறி அரைத்த கல் அது. பிறகு கிரைண்டர் வந்தது. கல் மூலைக்குப் போனது. அதில் தவறில்லை. மனிதன் கை நோக அரைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இப்போது அங்கே கிரைண்டரும் இல்லை. மாவு வெளியிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் வந்து இறங்குகிறது. உழைப்பு வெளியே போய்விட்டது. உழைத்த கல் மட்டும் பார்வைப் பொருளாக உள்ளே நிற்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். முன்பு 90 ரூபாய்க்கு டோக்கன் வாங்கினால் முழுச் சாப்பாடு. சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம்; வயிறு போதும் என்று சொல்லும் வரை. இப்போது அதன் பெயர் 'ஸ்பெஷல் தாலி', விலை 240 ரூபாய். தட்டுக்கு இந்த ஊரில் தாலி என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அந்தத் தாலியை அடகு வைத்தால்தான் இந்தத் தாலி வரும் போலிருக்கிறது!

தட்டு வந்தது. வாழையிலை இல்லை, தட்டின் மேல் வாழையிலை போல் பச்சை அச்சடித்து வெட்டிய ஒரு தாள். அதைச் சுற்றி விரல் நுழையும் அளவில் எட்டுக் கிண்ணங்கள். புழுங்கலரிசிச் சோற்றை எடுத்துவிட்டு நீள அரிசி வைத்திருந்தார்கள். விதை விதையாக நிற்கும், குழம்பை வாங்காது. சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது. இந்த நகரத்து வாய்க்கு இனிப்பு வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பருப்பு குறைந்ததை வெல்லம் மறைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டைக்கோசுப் பொரியல் ஐஸ் பெட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது போல் சில்லிட்டிருந்தது. அப்பளம் நமத்துப் போயிருந்தது. ரசம், சுடுதண்ணீரில் மிளகுத்தூள். வத்தக்குழம்பு எங்கே என்று கேட்டோம். "அது இப்ப மெனுவில் இல்லை" என்றார்கள். மெனுவில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தோம். ஷெஷ்வான் தோசை, சீஸ் தோசை, பனீர் உத்தப்பம் என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. தமிழில் ஓர் எழுத்துக் கூட இல்லை. வெளிப் பலகையில் மராத்தி இருக்கிறது. அது இந்த மாநிலத்தின் சட்டம், இருக்கத்தான் வேண்டும். ஆங்கிலமும் இருக்கிறது. தமிழனின் காசில் எழுந்த ஓட்டலில் தமிழுக்குக் கிடைத்த இடம் சுவரில் மாட்டிய கோபுரப் படம் மட்டும்தான்.

இவையெல்லாம் கூடப் போகட்டும். ஒரு நாள் சமையல் சரியில்லாமல் போகலாம். நம் வீட்டிலும் போகிறது. அடுத்து நடந்ததைத்தான் நம்மால் விட முடியவில்லை.

பெரியவர் சாம்பாரோடு இருந்த சோற்றை முடித்துவிட்டார். கிண்ணத்து ரசத்தை ஊற்றுவதற்குத் தட்டில் சோறு இல்லை. பழைய பழக்கத்தில், தலை நிமிராமலே, "தம்பி, ரசத்துக்குக் கொஞ்சம் சோறு வைப்பா" என்றார். பரிமாறிய பையன் ஒடிசாக்காரன். இருபது வயதுகூட இருக்காது. அவன் குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி, "சாச்சா, சோறுக்குத் தனிக் கணக்கு. கொண்டு வரட்டுமா?" என்றான். பெரியவர் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம்பா, போதும்" என்றார். எழுந்திருக்கும் முன் இலையை மடிக்கக் கை போனது. மடிக்க இலை இல்லை. நாங்கள் அவசரமாக ஒரு கிண்ணம் சோறு சொன்னோம், 60 ரூபாய். வந்தது. அவர் தொடவில்லை.

அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான் பாருங்கள், அதற்கு அவனுக்கு நம் நன்றி. அந்த மண்டபத்தில் அன்று மனிதத்தன்மை இருந்த இடம் அது ஒன்றுதான்.

பிறகு பில். ஐந்து தாலி 1,200 ரூபாய். சோற்றுக் கிண்ணம் 60. கேட்காமலே மேசையில் மூடி திருகி வைத்த இரண்டு தண்ணீர்ப் பாட்டில் 80. ஆக 1,340. அதன் மேல் நூற்றுக்குப் பத்து 'சர்வீஸ் சார்ஜ்' 134. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஐந்து சதவீத வரி 73 ரூபாய் 70 காசு. மொத்தம் 1,547 ரூபாய் 70 காசு, முழுதாக்கி 1,548. பழைய ஓட்டலில் ஐந்து பேர் வயிறு முட்டத் தின்று எழுந்திருந்தால் 450. மூட்டை தூக்குகிறவரின் இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிட்டு, ஐந்து பேரும் பசியோடு எழுந்து வந்தோம். பெரியவர் சாலை முனையில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றார்.

கல்லாவில் கேட்டோம். "சர்வீஸ் சார்ஜ் எல்லா இடத்திலேயும் இருக்கு சார். ஏசி போட்டா வரியும் கூடத்தான் சார்" என்று பதில் வந்தது. இந்த இரண்டும் தவறு. அந்த மேலாளருக்குத் தெரியாமல் இருக்கலாம், முதலாளிக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நம் மக்கள் தெரிந்து கொள்ளட்டும் என்பதற்காக விரிவாகவே எழுதுகிறோம்.

2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, குளிர்சாதனம் இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், குளிர்சாதனம் உள்ள ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று இருந்தது உண்மை. நான்கே மாதத்தில், 2017 நவம்பர் 15 முதல், அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். நம் பகுதியில் இருப்பது போன்ற சாதாரண ஓட்டல் எதுவானாலும், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம்தான். ஆகவே ஏசியின் பெயரால் உயர்ந்தது வரி இல்லை. முதலாளி வைத்த விலை. இன்னொன்று: சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது, தங்கள் விற்றுவரவிலிருந்து கட்ட வேண்டும். நம் தெருக்களில் உள்ள சின்னச் சின்னக் கடைகள் சிலவற்றில் வரி என்று கையால் எழுதிக் கூட்டுகிறார்களே, அங்கே பில்லில் வரி எண் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

சர்வீஸ் சார்ஜ் வரியே இல்லை. அரசாங்கத்துக்கு அதில் சம்பந்தமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஓட்டல்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஓட்டல் முதலாளிகளின் அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே "அதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். கூச்சப்படாதீர்கள். நாங்களே அன்று கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான்; அதனால்தான் சொல்கிறோம்.

அந்த 134 ரூபாயாவது பரிமாறிய பையனுக்குப் போகிறதா? பின் சந்தில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டோம். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கையில் வருவதில்லை. எந்தத் தம்பிகள் என்று முதலாளி தேட வேண்டாம். எல்லாரையும் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். முன்பு வேலை முடிந்ததும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அங்கேயே படுத்துக் கொள்வார்கள். வசதி என்று சொல்ல முடியாது, ஆனால் வாடகை இல்லை. இப்போது கண்ணாடிக் கதவைப் பூட்டிக் கொண்டு போய்விடுகிறார்கள். எட்டுப் பேர் சேர்ந்து, ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வாடகை அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. புதுப்பித்த செலவில் இவர்களின் பங்கு இது!

இங்கே நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. இந்த ஓட்டலைப் பற்றிப் பேச்செடுத்தால் சிலர் உடனே, "சமையலுக்கு வடக்கத்தியானை வைத்தால் சாம்பார் எப்படி இருக்கும்?" என்கிறார்கள். சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் அப்படிப் பேசினார். நாம் அதை ஏற்கவில்லை. அந்தப் பையன் சொல்லிக் கொடுத்தபடி சமைக்கிறான். கொடுத்த பருப்பைத்தான் போடுகிறான். வெல்லத்தைத் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்தானா? 1966க்குப் பிறகு இதே நகரத்தில் 'மதராசி' என்றும் லுங்கிக்காரன் என்றும் நம்மை எப்படிப் பேசினார்கள், உடுப்பி ஓட்டல்கள் மீது எப்படிக் கல் விழுந்தது என்பதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அன்று நம்மைச் சுட்ட வார்த்தையை இன்று ஒடிசாப் பையன் மீதும் பீகார்ப் பையன் மீதும் நாமே எடுத்து வீசுவதா? ஊர்விட்டு ஊர் வந்து, அடுப்படியில் நின்று, ஊருக்குப் பணம் அனுப்புகிறவன் எவனோ அவன் நம் ஆள். அவன் பேசும் மொழி வேறாக இருக்கட்டும்.

முதலாளியோ வேறு விதமாக 'நம்ம ஆள்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். "நம்ம ஆள் ஒருத்தன் முன்னேறினால் நம்ம ஆட்களே குறை சொல்கிறீர்களே" என்று நம் செயலாளரிடம் வருத்தப்பட்டாராம். சரி, நம்ம ஆள் கணக்கையே எடுத்துக் கொள்வோம். இவருடைய தந்தையை நாம் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தவர். முதலில் தள்ளுவண்டி, பிறகு ஒரு சந்தில் நான்கு பெஞ்சு. இப்போதிருக்கும் முனைக் கடையை எடுக்க முன்பணம் தேவைப்பட்டபோது, நம் சங்கத்துச் சீட்டை அவருக்காக விட்டுக் கொடுத்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் மகளின் கல்யாணத்தைத் தள்ளி வைத்தார். இதை அண்ணாச்சி உயிரோடு இருந்தவரை கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்.

வாங்கியதைவிட அதிகமாகவே திருப்பியும் கொடுத்தவர் அவர். கோலியில் விலாசம் இல்லாதவனுக்கு ஊர்க் கடிதம் அந்த ஓட்டல் முகவரிக்குத்தான் வரும்; கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருப்பார். வேலை போனவனுக்குப் பற்றுக் கணக்கு உண்டு. நோட்டில் எழுதுவார், கேட்கமாட்டார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நகரம் எரிந்தபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யார் எந்த மதம் என்று கேட்காமல் சோறு போட்டார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு தாராவிக்குள் புகுந்த அந்த இரவில், இடுப்பளவு தண்ணீரில் நின்று அடுப்பை மேசை மேல் ஏற்றிக் கஞ்சி காய்ச்சியவர் அவர். 2020 ஊரடங்கில் ரயில் இல்லாமல் மாட்டிக் கொண்டவர்களுக்கு அந்த நோட்டில் எத்தனை பக்கம் ஓடியது என்பது நமக்குத் தெரியும். அந்த நோட்டு இப்போது எங்கே? ஆட்டுக்கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவர்கள் அதற்கும் ஒன்று செய்திருக்கலாம்.

முதலாளியின் சிரமம் நமக்குத் தெரியாமல் இல்லை. வியாபார சிலிண்டர் விலை, எண்ணெய் விலை, இட வாடகை, வங்கிக் கடன், லைசென்சுக்கு அலையும் அலைச்சல் எல்லாம் உண்டு. 90 ரூபாய்ச் சாப்பாட்டை 110 ஆக்கியிருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருப்போம். சயானிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் காரில் வருகிறவருக்குச் சீஸ் தோசை போடட்டும். நாலு காசு அதிகம் பார்க்கட்டும். யார் வேண்டாமென்றார்கள்? நம்மை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுத்தான் அவரை உள்ளே உட்கார வைக்க வேண்டுமா? அதே கூரையின் கீழ் ஒரு வரிசை பெஞ்சு நமக்கு மிச்சம் இருக்கக் கூடாதா? பார்சல் சன்னல் திறக்க இடம் இருந்ததே!

இந்த இடத்தில் நம் மகளிர் குழுத் தோழி ஒருவர் சொன்னதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாட்டுங்காவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது குறுக்கிட்டார். "பழைய ஓட்டல் பழைய ஓட்டல்னு அழறீங்களே, அங்க நாங்க எப்ப அண்ணே வந்து உக்காந்தோம்? ஆம்பளைங்க பெஞ்சுல இடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. எங்களுக்குத் தூக்குல வாங்கிட்டு வருவீங்க. இப்பத்தான் கக்கூசு இருக்கு, தண்ணித் தொட்டி சுத்தமா இருக்கு. போன வாரம் எம் மகளைக் கூட்டிட்டுப் போயி ஒரு தோசை வாங்கிக் குடுத்தேன். காசு போச்சுதான். ஆனா யாரும் முறைச்சுப் பாக்கலை" என்றார்.

நாம் பதில் சொல்ல முடியாமல்தான் உட்கார்ந்திருந்தோம். உண்மை. பழைய பெஞ்சு உழைப்பாளியின் பெஞ்சு என்று நாம் பெருமைப்பட்ட காலமெல்லாம், உழைக்கும் பெண்ணுக்கு அதில் இடம் இருந்ததில்லை. அதை நாம் ஒரு குறையாகக் கூட எண்ணியதில்லை. சுவரில் ஓடிய கரப்பான் பூச்சிகளைப் பற்றியும் நாம் அன்று எழுதவில்லை. ஆகவே பழையதை அப்படியே கொண்டு வாருங்கள் என்று இந்த ஏடு கேட்கவில்லை. அந்தத் தோழியின் மகள் தோசை தின்ற மேசையிலேயே, பெரியவர் இரண்டாம் முறை சோறு கேட்டுத் தின்ன முடிய வேண்டும் என்று கேட்கிறது.

ஓட்டலில் யார் எங்கே உட்காரலாம் என்பது நமக்குப் புதிய சண்டை இல்லை. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்கென்று தனி இடம் இருந்தது 1941இல்தான் ஒழிந்தது. ஓட்டல் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நாள்தோறும் மறியல் செய்து சிறை போனார்கள் பெரியாரின் தொண்டர்கள். இந்த மராட்டிய மண்ணில் 1927இல் மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்துக் காட்டினார் அண்ணல் அம்பேத்கர். அவையும் இதுவும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அந்தப் போராட்டங்களைச் சிறுமைப்படுத்த மாட்டோம். அன்று பலகையில் எழுதி வைத்து நிறுத்தினார்கள். இன்று எழுதத் தேவையில்லை. விலைப்பட்டியலும் காவலாளியின் பார்வையும் போதும். கேட்காத தண்ணீருக்கு 40 ரூபாய் என்றால் யார் உள்ளே வருவான், யார் வரமாட்டான் என்பது தானாகவே பிரிந்துவிடுகிறது.

தாராவியில் குடியிருக்கும் நமக்கு இந்தப் 'புதுப்பித்தல்' என்ற சொல்லே இப்போது வயிற்றில் புளியைக் கரைக்கிறது. 2004இல் மறுசீரமைப்புத் திட்டம் என்றார்கள். டெண்டர் விட்டார்கள், ரத்து செய்தார்கள், மறுபடி விட்டார்கள். 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் டெண்டர் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டினால் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்பவனுக்கும் பின்னால் வந்தவனுக்கும் தாராவிக்கு வெளியே. பழைய ஓட்டல் முன்பக்கம் இடிபடும்போது அந்தப் பெரியவர் ஓரமாக நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "நல்லா கட்டுவாங்க. ஆனா நம்மள உள்ள விடுவாங்களா?" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் ஓட்டலைப் பற்றிப் பேசினாரா, மாடியில் இருக்கும் தன் மகனின் வீட்டைப் பற்றிப் பேசினாரா என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தத் திட்டத்தில் நம் வீடுகளுக்காகப் பேசும் கூட்டங்களில், கடை வைத்திருப்பவர் என்ற முறையில் இந்த ஓட்டல் முதலாளியும் வந்து உட்காருகிறார். "சின்ன வியாபாரியை வெளியே தள்ளாதே" என்று நம்மோடு சேர்ந்து முழங்குகிறார். முழங்கட்டும், நாமும் அவருக்காக முழங்குகிறோம். அந்த மேடையில் அவர் கேட்கும் நியாயத்தை அவருடைய கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நாம் கேட்டால், அது மட்டும் எப்படிப் பொறாமை ஆகும்?

சங்கத்தின் சார்பில் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம். பகல் 12 மணி முதல் 3 மணி வரை தொழிலாளர் விலையில் முழுச் சாப்பாடு, மறு சோறும் குழம்பும் சேர்த்து. குடிதண்ணீர் பாட்டில் கேட்டவருக்கு மட்டும், மற்றவருக்குக் குவளையில். பில்லில் சர்வீஸ் சார்ஜ் கூடாது. ஊழியர் எட்டுப் பேரின் அறை வாடகையை நிர்வாகம் ஏற்க வேண்டும். விலைப்பட்டியலில் தமிழும் இருக்க வேண்டும். வேட்டி கட்டி வருகிறவரைப் பார்சல் சன்னலுக்கு அனுப்பக் கூடாது. இதில் நிறைவேற்ற முடியாதது எது என்று எழுத்தில் சொல்லும்படி கேட்டிருக்கிறோம். ஏடு அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. வந்தால், அது எதுவாயினும், அடுத்த இதழில் அப்படியே வெளியிடுவோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்குப் பின் அங்கே சாப்பிட்டவர்கள் பில்லை எறிந்துவிடாமல் வைத்திருந்தால், வரும் முதல் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்ற ஓட்டல்களின் பில்லானாலும் சரி. சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்கும் பில்களைத் தனியாக எடுத்து, 1915க்குப் புகார் எழுதித் தர இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மகளிர் குழுவும் அன்று கூடுகிறது. சமையல் சங்கத்தில்தான்; வத்தக்குழம்பு உண்டு. இந்த முறை ஆண்கள் பரிமாறுவது என்று தீர்மானமாகியிருக்கிறது.